மனைவியின் பெயரில் ஒரு பொறியாளர்

எட்டாம் வகுப்பு முடியும்வரை சுஜாதாவைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திருமழபாடியில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய ஜூனியர் விகடன்களிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டிங் ஒன்று கிடந்தது. முன்னும் பின்னும் பக்கங்கள் இல்லை. உள்ளே 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று கேள்வியும் பதிலும். எங்கள் தெருவில் ஒரு சுஜாதா அக்கா இருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அந்த அக்காவைப் போல, இன்னும் கொஞ்சம் அதிகமாகப் படித்த ஒருத்தி எங்கோ உட்கார்ந்துகொண்டு, யார் என்ன கேட்டாலும் அலட்டிக்கொள்ளாமல், லேசாகக் கேலி செய்தபடி பதில் சொல்கிறாள் என்பது என் எண்ணம். கம்ப்யூட்டர் என்ற சாமானை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அது என்ன செய்யும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "அது ஆம்பளைம்மா. சம்சாரம் பேர்ல எழுதுறாரு."

அன்று ஏமாற்றமாக இருந்தது. பிறகு அது எனக்கே ஒரு நகைச்சுவையாகிப் போனது. கல்லூரியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நானும் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், பதினான்கு வருடம் நிரல் எழுதிவிட்டு, அவருடைய கட்டுரைகளை வரிசையாக வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

எஸ். ரங்கராஜன் 1935இல் சென்னையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததால், குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது தமிழில் புதிதல்ல, குற்றமும் அல்ல. ஆனால் கணிப்பொறி, தேர்தல், கடவுள் என்று நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரில் தமிழர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், அந்த மூன்றும் ஒரு பெண்ணுக்கு என்னவாக வந்து சேர்கின்றன என்பதை எவ்வளவு தூரம் பார்த்தார்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முதலில் கடனைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே கொள்ளிடம்தான் கீழே இறங்கி எங்கள் ஊருக்கும் வருகிறது. நான் பிறந்தபோது இரண்டு ஊரும் ஒரே திருச்சி மாவட்டம். (1995இல் நாங்கள் பெரம்பலூர்க்காரர்கள் ஆனோம், 2001இல் அரியலூர், மறுவருடமே பெரம்பலூர், 2007இல் திரும்ப அரியலூர். ரேஷன் கார்டு விலாசத்தை மட்டும் எத்தனை முறை திருத்தியிருப்போம்!) மேல்கரையிலிருந்து புறப்பட்ட ஒருவர், மைக்ரோ சிப், மூளை, பிரபஞ்சம், புறநானூறு, ஆழ்வார்கள் எதுவாக இருந்தாலும் பயமில்லாமல் கிட்டே போகலாம் என்று காட்டினார். பொறியியல் படித்தவர்கள் இங்கிலீஷில்தான் யோசிப்பார்கள் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் அவருக்கு முதலிடம். என் தலைமுறைப் பெண்கள் பலர் கணிப்பொறி அறிவியல் எடுத்ததற்கு ஆசிரியர்களைவிட அவர் காரணம் என்று என்னால் சொல்ல முடியும்.

அவருடைய யோசனைகள் வந்த வடிவத்தைக் கவனியுங்கள். 1960களின் நடுவில் தொடங்கிய 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்', பிற்காலத்தில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்'. இரண்டுமே அரட்டை. ஒரு பத்தியில் யூனிகோட், அடுத்ததில் யாரோ ஒரு புதுக் கவிஞர், அதற்கடுத்து ஸ்ரீரங்கத்து ஞாபகம், கடைசியில் ஒரு ஜோக். எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஒரு மனிதனின் ஓய்வு நேரத்து மூளையை எட்டிப் பார்க்கிற சுகம் அதில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய சலவைக் கணக்கைக்கூடப் பிரசுரிப்பார்கள் என்று வாசகர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பாராட்டாகத்தான் சொல்வார்கள்.

சலவை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மெக்ஸிகோ தேசத்துச் சலவைக்காரி ஜோக். கணேஷ்-வசந்த் கதைகளில் வசந்த் அதைச் சொல்ல ஆரம்பிப்பான், கணேஷ் நிறுத்திவிடுவான். கடைசிவரை அந்த ஜோக் முழுதாக அச்சேறவில்லை. வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவரும் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். தமிழ் வாசகப் பரப்பின் மிகப் பிரபலமான ரகசியம் அதுதான். எனக்கு அந்த ஜோக் தெரிய வேண்டாம். அது சொல்லப்படாமலேயே வேலை செய்த விதம்தான் எனக்கு முக்கியம். துணி வெளுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாலே போதும், ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்துகொள்வார்கள். உனக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது என்று. பதினைந்து வயதில் நானும் புரிந்த மாதிரி சிரித்தேன். பிறகு அலுவலகத்தில் 'டீம் லஞ்ச்' மேசைகளில் அதே சிரிப்பைப் பல தடவை சிரிக்க வேண்டியிருந்தது. சிரிக்காவிட்டால் நாம் அந்த மேசைக்கு உரியவர்கள் இல்லை. தொழில்நுட்பத்தின் வாசலில் எங்களை வரவேற்றவர், உள்ளே நுழைவதற்கு இந்தச் சிரிப்பையும் கட்டணமாக வாங்கிக்கொண்டார்.

இதை அவர் ஒருவரின் கெட்ட பழக்கம் என்று விட்டுவிட முடியாது. கணிப்பொறியை ஒரு ஆண்பிள்ளை விளையாட்டுச் சாமானாகப் பேசும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் எந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். பீரங்கிக் குண்டின் பாதையை அது கணக்கிட்டுக் காட்ட, கம்பிகளை மாற்றிச் செருகி நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. பெயர்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. இங்கே எங்கள் பக்கத்தில், கணிப்பொறி வருவதற்கு முன்பே விசைப்பலகை பெண்களின் கையில்தான் இருந்தது. ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், காலை ஆறு மணிக்கே தாவணி போட்ட பெண்கள். தெரு சுஜாதா அக்காவின் விரல் வேகம் எனக்கு இன்றும் கிடையாது. ஆனால் அதற்குப் பெயர் 'டைப்பிஸ்ட்'. விசைப்பலகையில் உட்கார்ந்து ஆண் யோசித்தால் 'இன்ஜினியர்'.

வேறு மாதிரி எழுத முடியாதா என்றால், முடியும். எலன் உல்மன் என்கிற அமெரிக்க நிரலாளர் 1997இல் 'குளோஸ் டு த மெஷின்' என்ற நூலை எழுதினார். அதுவும் சொந்த யோசனைகள்தான்: வேலை, பணம், காதல், இடதுசாரி இளமை. அதில் ஒரு சம்பவம். சிறிய அலுவலகம் ஒன்றின் முதலாளி, தன் உதவியாளர் நாள் முழுதும் கணிப்பொறியில் என்ன தட்டுகிறார் என்று பார்க்க முடியுமா என்று உல்மனிடம் கேட்கிறார். பல வருடங்களாக அங்கேயே வேலை பார்ப்பவர் அந்த உதவியாளர், முதலாளியின் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர், நம்பிக்கையானவர். சந்தேகம் எதுவும் இல்லை. ஆனாலும் எந்திரம் வந்துவிட்டதல்லவா, பார்க்க முடியும் என்று தெரிந்துவிட்டதல்லவா, அதனால் பார்க்க ஆசை. நிரல் எழுதுகிறவள் தன் கைவேலை இன்னொரு பெண்ணின் மேசைவரை போய் என்ன செய்கிறது என்று பார்த்து, அங்கே நிற்கிறாள். சுஜாதாவின் கட்டுரைகளில் எந்திரத்தின் முன்னால் வியந்து நிற்கும் மனிதரை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்த எந்திரம் யாரைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்க்கும் இடத்தைத் தேடித் தேடித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அரசியலுக்கு வருவோம். இங்கே அவர் வெறும் அரட்டைக்காரர் அல்ல. இந்தியா இன்று ஓட்டுப் போடும் எந்திரத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவாக்கிய குழுவின் தலைமையில் இருந்தவர். ஓட்டு எந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் எந்திரத்தில் நடந்தது. ஒரு எழுத்தாளரின் கைவேலை இத்தனை கோடிப் பேர் விரலுக்கு அடியில் போவது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா, தெரியவில்லை.

எந்திரத்தின் யோசனையில் ஒரு அழகு இருக்கிறது. சாவடியைக் கைப்பற்றிக் கத்தைக் கத்தையாகச் சீட்டுக் குத்திய காலம் அது. எந்திரமோ நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. அரிவாளோடு வந்தவனும் காத்திருக்க வேண்டும், அதற்குள் யாராவது வந்துவிடலாம். பொறியாளர் மூளை என்றால் இதுதான்: ரவுடியைத் திருத்த வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

ஆனால் அந்த மூளை ஒரு இடத்தைப் பார்க்கவில்லை. காகிதச் சீட்டுக் காலத்தில், எண்ணும்போது பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலக்க விதி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. எந்திரம் வந்ததும் ஒவ்வொரு சாவடிக்கும் தனி எண்ணிக்கை, கட்சிக்காரர் கையில் பட்டியல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடி இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எந்தத் தெரு என்பது மட்டுமல்ல, அந்தத் தெருப் பெண்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதும் மறுநாள் டீக்கடையில் தெரிந்துவிடும். "நாங்க ஒண்ணு சொன்னா, நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேற அமுக்கியிருக்காளுங்க" என்ற பேச்சை என் காதால் கேட்டிருக்கிறேன். அன்று மாலை எந்தெந்த வீட்டில் என்ன நடந்தது என்று எந்தப் படிவத்திலும் இருக்காது. சாவடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008இல் பரிந்துரைத்தது, இன்றுவரை வரவில்லை. சாவடியைக் கைப்பற்றும் ஆளுக்காக எந்திரத்தை மெதுவாக்கத் தெரிந்தவர்களுக்கு, வீட்டுக்குள் சாவடியைக் கைப்பற்றும் ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது தோன்றவில்லை.

இதே சுஜாதாதான் புனைவில் இதை மோப்பம் பிடித்தார் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். 'என் இனிய இயந்திரா'வை அவர் 1980களில் எழுதினார். எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் அரசு. குழந்தை பெற்றுக்கொள்ளவே அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலா. ஆள்கிற ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிய வருவது. கடைசியில் புரட்சி செய்தவர்களே நிலாவை ராணியாக உட்காரவைத்து, பின்னாலிருந்து தாங்கள் ஆளத் துணிவது. எந்திர நாய் ஜீனோவைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு ராணி நிலாதான் முக்கியம். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் 1996 தேர்தலில் வந்தது. 2016 சட்டத் திருத்தம் அதைப் பாதியாக்கியது. திருமானூர் ஒன்றியத்தில் மட்டுமல்ல, எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் 'தலைவர் வீட்டுக்காரர்' என்ற பதவியில் இருக்கும் ஒருவரைச் சந்திக்கலாம். சுஜாதா அவரை முன்கூட்டியே எழுதிவிட்டார். மங்கையர் மலரில் வந்த 'எப்போதும் பெண்' நாவலில், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கருவிலிருந்தே தொடர்ந்து போனதும் அவர்தான். கதை எழுதும்போது தெரிந்த விஷயம், கட்டுரை எழுத உட்கார்ந்ததும் ஏன் காணாமல் போகிறது? என் அனுமானம் இது: கதையில் அவர் வேறொருத்தியாக இருந்து பார்க்க வேண்டியிருந்தது. கட்டுரையில் அவர் அவராகவே இருக்கலாம்; அவருக்கு எந்த அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததில்லை.

மதத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 'கடவுள் இருக்கிறாரா?' என்று ஒரு நூல் எழுதினார். இயற்பியல் ஒரு பக்கம், பிரபந்தம் ஒரு பக்கம். இரண்டிலும் மனம் போகிற மனிதர். கணிப்பொறிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு தனி இன்பம் உண்டு போலிருக்கிறது. நிரல் எழுதும் கலைக்கே இலக்கணம் வகுத்த டொனால்ட் கனூத், பைபிளின் ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்துப் படித்துப் பார்த்தார்; மாதிரி எடுத்துச் சோதிக்கும் புள்ளியியல் முறை. அந்த வசனங்களை அழகெழுத்துக் கலைஞர்களைக் கொண்டு எழுதவைத்துப் புத்தகமாக்கினார். ரசிக்கத்தக்க காரியம்தான். நானும் ரசித்தேன்.

எனக்கு அந்தக் கேள்வி அப்படி வந்ததே இல்லை. எங்கள் ஊர் வைத்தியநாத சுவாமி கோயிலில் பங்குனி புனர்பூசத்தில் நந்தி கல்யாணம். மாப்பிள்ளை நந்தி திருவையாற்றிலிருந்து ஊர்வலமாக வருவார். பெண், வியாக்ரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகை. ஊரே பெண் வீடு. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம், அம்மா போன் செய்து வரவழைத்தாள். எனக்கு இருபத்துநாலு முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் குழு போட்ட ரிலீஸ் விழுந்துவிட்டது. வெளி மண்டபத்துப் படியில் லேப்டாப்பைத் திறந்து, டாங்கிளை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தபடி பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். மேளம் காதைப் பிளக்கிறது. அப்பாயி வந்து நின்றாள்.

"உள்ள வாடி. தாலி கட்டப் போறாங்க."

"நான் வரக் கூடாது அப்பாயி."

அவளுக்குப் புரிந்தது. "யாருகிட்டயும் சொல்லாத," என்றாள். "அப்படியே ஓரமா நின்னு பாத்துட்டு வந்துரு. சாமிக்குத் தெரியும்."

போனேன். கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்தேன். கையில் திறந்த லேப்டாப். கடவுள் இருக்கிறாரா என்பது அந்த நிமிடம் எனக்கு எழவில்லை. எழுந்தவை எல்லாம் வேறு: கறை தெரிகிறதா, அம்மா பார்த்துவிடுவாளா, லாக் ஃபைலில் அந்த வரி எங்கே, சுயசாம்பிகையை யாராவது கேட்டார்களா. நான் சிறுவயதிலிருந்து கேட்ட தலபுராணத்தில் அவள் இன்னார் மகள் என்பதோடு சரி. அவள் ஏதாவது பேசியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுந்தரர் கனவில் இறைவன் வந்து மழபாடியை மறந்துவிட்டாயா என்று கேட்ட கதை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

தொழில்நுட்பம் ஒரு பத்தி, அரசியல் ஒரு பத்தி, ஆன்மிகம் ஒரு பத்தி என்று பிரித்துப் பிரித்து யோசிப்பதற்கு ஒரு மேசை வேண்டும். மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் வேறு யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். முழுநேர வேலையும் பார்த்துக்கொண்டு நூற்றுக்கும் மேல் புத்தகம் எழுதிய அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மேசையைச் சுற்றி ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன். எங்களுக்கு மூன்றும் ஒரே படியில், ஒரே நேரத்தில் வருகின்றன.

2023இல் அவருடைய ஸ்ரீரங்கத்திலேயே, அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர் 2008 பிப்ரவரியில் போய்விட்டார். இருந்திருந்தால் கட்டாயம் ஒரு பத்தி எழுதியிருப்பார். ஆண்டாளில் தொடங்கியிருப்பார், கிண்டலும் இருந்திருக்கும். அதைப் படிக்க எனக்கு ஆசைதான். அந்த மூன்று பேரில் ஒருவர் தன் பெயரில் எழுதினால், அதை முதலில் படிப்பேன்.

போன பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பி.சி.ஏ. இரண்டாம் வருடம். என்னுடைய பழைய 'என் இனிய இயந்திரா'வை ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, இதை எழுதுனவங்க பொம்பளையா, ஆம்பளையா?"

"ஆம்பளை. அவரு சம்சாரம் பேர்ல எழுதுனாரு."

அட்டையைத் திருப்பிப் போட்டோவைப் பார்த்தாள்.

"அப்ப அந்தம்மா யாரு பேர்ல எழுதுனாங்க?"